கடைசி ஆளுக்குக் கேட்டதா

கூட்டத்தின் கடைசி ஆள் வரை போய், எச்சரிக்கை அவர் காதில் விழுந்ததா என்று கேட்டு வரும்படி இன்ஸ்பெக்டர் தேவஇரக்கம் சொன்னபோது, அரைமணி நேரத்தில் திரும்பிவிடலாம் என்று நினைத்துக் காவலர் பிரமசக்தி தன் சாப்பாட்டு டப்பாவைப் போலீஸ் வேனிலேயே வைத்துவிட்டுப் போனாள். அவள் திரும்பி வர நாற்பத்தொரு நாள் ஆனது.

அது மார்கழி முதல் தேதி. ஆலங்குறிச்சி அரசு ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டை, நாற்பத்தாறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மாவட்டத் தலைநகருக்கு மாற்றுவதாக உத்தரவு வந்திருந்தது. கட்டில்களையும், குறைமாதப் பிள்ளைகளை வைக்கும் கண்ணாடிப் பெட்டியையும் ஏற்றிப்போக இரண்டு லாரிகள் விடியும்போதே உள்ளே போய் நின்றுவிட்டன. லாரி உள்ளே போனதைப் பார்த்த பீடி சுற்றும் பெண்கள், இலையும் தூளும் இருந்த சொளவு முறத்தை மடியில் வைத்தபடியே வந்து வாசலை அடைத்து உட்கார்ந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் அவர்கள் வீட்டு ஆட்கள் உட்கார்ந்தார்கள், அவர்களுக்குப் பின்னால் கடைக்காரர்கள், அவர்களுக்குப் பின்னால் வாழைத்தோட்டத்து ஆட்கள் என்று தெரு நிறைந்து, தெருவுக்கு அப்பால் பஸ் போகும் சாலையும் நிறைந்தது. போலீஸ் வந்து வாசலுக்கு உள்பக்கம், லாரிகளுக்கும் கூட்டத்துக்கும் நடுவில், கூட்டத்தைப் பார்த்து மூன்று வரிசையாக நின்றது. இது சட்டவிரோதக் கூட்டம் என்று எழுதிய பேனரை இரண்டு பேர் விரித்துப் பிடித்தார்கள். தாசில்தார் கோமதிநாயகம் மைக்கில், கலைந்து செல்லுங்கள், இல்லையென்றால் பலம் பிரயோகிக்கப்படும் என்று மூன்று தடவை வாசித்தார். மூன்று தடவையும் ஜனங்கள் மரியாதையாகக் கேட்டார்கள். கேட்டுவிட்டு அப்படியே இருந்தார்கள்.

அடுத்தது தடிதான். ஆனால் அந்த மாவட்டத்துப் போலீசுக்கு மட்டும் ஒரு விதி இருந்தது. இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால், பக்கத்துத் தாலுகாவில் நடந்த ஒரு சாலை மறியலில் எச்சரிக்கை முன்வரிசையைத் தாண்டிக் கேட்கவில்லை. கேட்காதவர்கள் நின்ற இடத்திலேயே நிற்க, தடி அவர்கள் மேல்தான் அதிகம் விழுந்தது. விசாரித்த அதிகாரி தன் அறிக்கையில், கூட்டத்துக்குப் பின்னால் நின்ற ஒரு காவலரிடம் எச்சரிக்கை கேட்டதா என்று கேட்டதற்கு அவர், கேட்டது அய்யா என்றார், உண்மையில் அவருக்குக் கேட்டிருக்கவில்லை, அந்தக் காவலர் யாரென்று கண்டுபிடிக்க முடியவில்லை என்று எழுதினார். அதன் பிறகுதான் சுற்றறிக்கை வந்தது. எச்சரிக்கை, வாசிக்கும் அதிகாரியின் சொந்தக் குரலிலேயே, கூட்டத்தின் கடைசி ஆள் வரை கேட்க வேண்டும்; ஒரு காவலர் அந்தக் கடைசி ஆளிடம் நடந்து போய் அவர் வாயாலேயே அதை அறிந்து வந்து சொல்ல வேண்டும்; அதுவரை ஒருவர் மேலும் தடி படக் கூடாது.

இதற்கு ஆயுதப்படை மைதானத்தில் வருடா வருடம் ஒத்திகை நடக்கும். காவலர்களில் பாதிப்பேர் கைலி கட்டிக்கொண்டு கலகக் கூட்டமாக மாறி, லீவு கேட்டும் மெஸ் சாம்பாரைக் கண்டித்தும் ஆசைதீரக் கோஷம் போடுவார்கள். மீதிப்பேர் அவர்களைக் கலைப்பார்கள். கடைசி ஆளைப் பார்க்கப் போகிறவர் நாற்பதடி நடந்து போய், யாரையும் எதையும் கேட்காமல் பச்சைக்கொடியைத் தூக்கிவிட்டு வருவார். ஒரு வருடம் அந்த வேலை பிரமசக்திக்கு வந்தது. எச்சரிக்கை வாசித்த நேரத்தில் மைதானத்துக்குப் பின்னால் ஒரு கூட்ஸ் ரயில் போனது. கடைசியில் கைலியோடு நின்றவரிடம் அவள், கேட்டதா என்று கேட்க, அவர் ஒத்திகைதானே என்று சிரிக்க, இவள் கொடியைத் தூக்காமல் திரும்பி வந்து, கேக்கல அய்யா என்றாள். மறுபடி வாசித்தார்கள். மறுபடியும் ரயில். முந்நூறு பேர் வெயிலில் ஒரு மணி நேரம் நின்றார்கள். அன்றிலிருந்து ஆயுதப்படையில் அவளுக்குக் 'கேக்கல பிரமு' என்று பெயர்.

அதனால், ஆஸ்பத்திரி வாசலில் இன்ஸ்பெக்டர் அவள் பெயரைச் சொன்னதும் பக்கத்தில் நின்ற ஏட்டு பல்லைக் காட்டினார். அய்யா, வேற யாரையாவது அனுப்புங்க, இது சாயங்காலம் வரைக்கும் கேக்கலன்னுட்டு நிக்கும் என்றார்.

"அவதான் போணும்" என்றார் தேவஇரக்கம். கூச்சத்தில் பிரமுவின் காது சூடானது.

முன்வரிசையில், பேனருக்கு நேர் எதிரே, அவளுடைய அண்ணன் மனைவி மாடத்தி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு ஏழு மாதம் முடிந்து எட்டு நடந்துகொண்டிருந்தது. பிள்ளை குறுக்கே கிடப்பதாக டாக்டரம்மா சொல்லியிருந்தார். வலி எடுத்தால் உடனே வந்துவிட வேண்டும், தூரமாக எங்கேயும் போகக் கூடாது என்று இரண்டு தடவை சொல்லியிருந்தார். வயிற்றின் மேல் சொளவு நிற்காததால் மாடத்தி அதைப் பக்கத்தில் இருந்தவள் மடியில் வைத்து, எட்டி எட்டிப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, எங்க போற?" என்று கேட்டாள்.

"கடைசி ஆளப் பாக்கப் போறேன் மைனி."

"பாத்து?"

"கேட்டுச்சான்னு கேக்கணும்."

"கேட்டுச்சுன்னுட்டா?"

கேட்டதென்று அவள் வந்து சொன்னால் முதல் தடி எங்கே விழும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். மாடத்தி ஒரு பீடியைச் சுற்றி நூல் கட்டி முடித்தாள். சரி, போயிட்டு வா, சோறாவது எடுத்துட்டுப் போனியா என்றாள்.

முதல் நாள் பிரமு பஸ் நிலையம் தாண்டி, அரிசி ஆலை தாண்டி, ஆற்றுப்பாலம் வரை நடந்தாள். கூட்டம் இருந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கமும் இருந்தது. மதியத்துக்கு மேல் அவள் கையிலிருந்த வயர்லெஸ் கரகரத்து ஓய்ந்தது. கூட்டம் இன்னும் போகிறது, என்ன செய்யட்டும் என்று கேட்க வழியில்லாமல், பக்கத்தில் உட்கார்ந்திருந்த வாழைத்தார் வியாபாரியிடம் அதைச் சொன்னாள். அவர் தனக்கு முன்னால் இருந்தவரிடம் சொல்ல, அவர் அவருக்கு முன்னால் இருந்தவரிடம் சொல்ல, வாய் மாறி வாய் மாறி அது ஆஸ்பத்திரி வாசல் வரை போய், ஒரு மணி நேரத்தில் நட என்று இன்ஸ்பெக்டரின் பதில் அதே வழியில் வந்து சேர்ந்தது. அந்த நாற்பத்தொரு நாளும் போலீசின் கேள்வியையும் பதிலையும் சுமந்தது அந்தக் கூட்டம்தான். யாரும் ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. தடி எப்போது விழும் என்பதைத் தீர்மானிக்கும் சேதியைத்தான் கை மாற்றுகிறோம் என்று தெரிந்தே மாற்றினார்கள்.

எப்படி இவ்வளவு பேர் என்று யாரும் மலைக்கவில்லை. எண்பது வருடமாக இருக்கிற வார்டு அது. அதில் பிறந்தவர்கள் வந்திருந்தார்கள், பெற்றவர்கள் வந்திருந்தார்கள், அதில் பிறந்து கட்டிக்கொடுத்துப் போனவர்கள் தாங்கள் போன ஊரிலேயே சாலையோரம் இறங்கி, முன்னால் இருந்தவரின் முதுகைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். ஆற்றங்கரை வாழைக்காட்டிலும், அதைத் தாண்டிக் காற்றாலை சுற்றும் பொட்டலிலும், அதைத் தாண்டிச் சிவப்பு மணல் தேரியிலும், அதைத் தாண்டி உப்பளத்திலும் உட்கார்ந்திருந்தார்கள். ஆள் எழுந்து வேலைக்குப் போனால் அந்த இடத்தில் ஒரு துண்டும் துண்டின் மேல் ஒரு கல்லும் இருக்கும், அவருக்காகப் பக்கத்து ஆள் பதில் சொல்வார். பஸ்கள் கூட்டத்தின் ஓரமாகவே ஓடின. கண்டக்டர்கள் ஊர்ப் பெயருக்குப் பதிலாக, உப்பளத்துக் கூட்டம் இறங்கு, தேரிக் கூட்டம் இறங்கு என்று சொல்லப் பழகினார்கள். வாத்தியார்கள் கூட்டத்திலேயே வகுப்பு எடுத்தார்கள். பீடிக் கம்பெனி ஆட்கள் வரிசை வரிசையாக வந்து பீடிக்கட்டை வாங்கிப்போனார்கள். ஒரு கல்யாணம், பெண் வீட்டார் இருந்த இடத்துக்கும் மாப்பிள்ளை வீட்டார் இருந்த இடத்துக்கும் சரி நடுவில், முன்பின் தெரியாத நாற்பது பேருக்கு மத்தியில் நடந்தது; அவர்கள் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தார்கள்.

போலீசும் பழகிவிட்டது. கலகக் கூட்டத்துக்கு ஒருபோதும் முதுகைக் காட்டக் கூடாது என்பது ஒத்திகையில் முதல் நாள் சொல்லிக்கொடுக்கும் பாடம். எனவே முறை மாறும்போதுகூட யாரும் திரும்பாமல், கண்ணைக் கூட்டத்தின் மேலேயே வைத்து, நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர்ந்து போனார்கள், நகர்ந்து வந்தார்கள். காலையிலும் மாலையிலும் பின்னாலிருந்து ஒரு கை டீயை நீட்டும். தை பிறந்த பிறகு அவித்த பனங்கிழங்கையும் நீட்டியது. மெஸ்ஸிலிருந்து வருகிறது என்று நினைத்து, திரும்பிப் பார்க்காமல் கையைப் பின்னால் நீட்டி வாங்கிக்கொண்டார்கள். மெஸ் டீ இவ்வளவு நன்றாக இருக்காதே என்று மட்டும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். மாவட்டத் தலைநகரிலிருந்து தினமும் நிலைமை என்ன என்று வயர்லெஸ் கேட்கும். கடைசி ஆளை இன்னும் அடையவில்லை என்று தேவஇரக்கம் சொல்வார். அது உண்மையாகவும் விதிப்படியும் இருந்ததால் மேலே யாருக்கும் கோபப்பட வழியில்லை.

எச்சரிக்கை கேட்க வேண்டுமே. அதற்காக இரண்டாம் நாளே மைக் செட் வைத்திருந்த ஆறுமுகநயினாரைப் பிரமுவோடு அனுப்பினார்கள். அவள் முன்னால் நடக்க, அவர் மாட்டுவண்டியில் ஒயர்ச் சுருளோடு பின்னால் வந்து, கம்பத்துக்குக் கம்பம் குழாய் ஒலிபெருக்கியைக் கட்டினார். அவருடையது தீர்ந்து, மாவட்டத்தில் இருந்த எல்லா மைக் செட்டுகளும் வந்தன. தினமும் காலை பத்து மணிக்குத் தாசில்தார் ஆஸ்பத்திரி வாசலில் வாசித்தது ஆறு தாண்டி, தேரி தாண்டி, கடலோரம் வரை கேட்டது. வாசித்து வாசித்துத் தாசில்தாரின் தொண்டை கட்டிக்கொண்டபோது, அது குழாய் வழியே நூறு ஊருக்கும் தெரிந்தது. மறுநாளே வரிசையில் கை மாறிக் கை மாறி ஒரு பொட்டலம் பனங்கற்கண்டு அவரிடம் வந்து சேர்ந்தது. அவர் அதை வாயில் அடக்கிக்கொண்டு, முன்னைவிடத் தெளிவாக, பலம் பிரயோகிக்கப்படும் என்று வாசித்தார்.

பிரமு நடந்துகொண்டே இருந்தாள். போன இடமெல்லாம் அவளை உட்காரவைத்தார்கள். நீ நடக்கது வரைக்கும் எங்க மண்டைக்கு ஒண்ணும் வராதும்மா என்று சொல்லி, காலுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டார்கள். பூட்ஸ் தேய்ந்து வாய் பிளந்தபோது உப்பளத்துப் பெண்கள் ரப்பர்ச் செருப்பு கொடுத்தார்கள். பொங்கலன்று சாலை நெடுகப் பானைகள் பொங்க, ஒவ்வொரு பானையிலிருந்தும் ஒரு வாய் தின்ன வேண்டியிருந்ததால் அன்று ஒரு கிலோமீட்டர்கூட அவளால் கடக்க முடியவில்லை. சிறுவயதிலிருந்து யார் எதைக் கொடுத்தாலும் வாங்கக் கூச்சப்பட்டு வேண்டாம் என்று சொல்லியே பழகியவள், ஒரு கட்டத்தில் வேண்டாம் என்ற சொல்லையே மறந்துபோனாள். தான் நடப்பதால் அடி தள்ளிப்போகிறது என்று இவர்கள் நன்றி சொல்கிறார்கள். ஆனால் நடக்க நடக்க அந்த அடி நெருங்கியும் வருகிறது என்பது அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு நாள் காலையும் விழித்ததும் மைனியின் வயிறுதான் முதலில் நினைவுக்கு வரும்.

நயினாருக்கும் அது தெரிந்திருந்தது. ஒருநாள் தேரி மணலில், கம்பத்தின் மேல் இருந்தபடியே கேட்டார்.

"ஏட்டம்மா, இந்த முடிச்ச நான் கொஞ்சம் தளர விட்டுட்டா என்ன? கடைசி ஆளுக்குக் கேக்காதுல்லா. நீயும் கேக்கலன்னு சொல்லிட்டுப் போயிரலாம். அதான் உனக்கு ராசியான சொல்லாச்சே."

"நீங்க தளர விட்டா, நயினார் தளர விட்டாருன்னு நான் சொல்லணுமே அண்ணாச்சி."

"அப்ப மெதுவா நட. அது பொய்யில்லயே."

"மெதுவா நடந்தா காலு சொல்லுத பொய்யில்லையா அது?"

நயினார் இறங்கி வந்து மண்ணைத் தட்டிக்கொண்டார். உன்னோட பெரிய ரோதனை என்றார். கொஞ்சதூரம் போனபின், முப்பது வருசத்துல என் குழாய் ஒருநாளும் ஊமையா நின்னதில்ல, நாந்தான் என்னத்த தளர விடப் போறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

கடலோரத்தில் வளைந்த கூட்டம், முப்பதாம் நாள் மேற்கே திரும்பியது. பிறகு வடக்கே. முப்பத்தெட்டாம் நாள் மலையடிவாரத்தில் வெங்காயக்காட்டு வழியே போனபோது பிரமு நின்று, இந்தக் காற்று எனக்குத் தெரியும் என்று நினைத்தாள். நாற்பத்தொன்றாம் நாள் விடிகாலையில் பின்னாலிருந்து, நடந்து வந்த அத்தனை ஊர் வழியாகவும் கை மாறி வந்த சேதி அவளை எட்டிப் பிடித்தது. பிரமசக்திக்குச் சொல்லுங்கள், மைனிக்கு நேற்று மதியம் வலி எடுத்துவிட்டது. போலீஸ் நண்டு மாதிரி இரண்டு பக்கமும் விலகி வழிவிட்டது. முப்பதடி நடந்து வார்டுக்குள் போய்விட்டாள். பிள்ளை இன்னும் குறுக்கேதான் கிடக்கிறது. சொன்ன பெண், தன் வீட்டு விஷயம் போலக் கலங்கிச் சொன்னாள்.

பிரமு வேகமாக நடந்தாள். வெங்காயக்காடு முடிந்து ஒரு கல்லறைத் தோட்டம் வந்தது, அதன் பிறகு ஒரு சந்து, கை வண்டி மட்டும் போகக்கூடிய சந்து. சந்திலும் ஒற்றை வரிசையாக ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். சந்தின் முடிவில் ஒரு சின்ன இரும்புக் கதவு திறந்து கிடந்தது. அதற்குள் போனால் பிணவறை, பிணவறையைத் தாண்டினால் வார்டின் பின்பக்கத்து ஜன்னல்கள், ஜன்னல்களைத் தாண்டினால் சும்மா நிற்கிற இரண்டு லாரிகள். லாரிகளுக்கு முன்னால் முக்காலி போட்டு, ஸ்டவ்வில் டீ கொதிக்க, ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். அவருக்கு அப்பால் அவள் முதலில் பார்த்தது காக்கி முதுகுகளை. மூன்று வரிசைத் தொப்பிகள். பேனரின் பின்பக்கம். அதற்கும் அப்பால், வாசலுக்கு வெளியே, காலியாக இருந்த மாடத்தியின் இடமும் அதன் மேல் ஒரு துண்டும் கல்லும்.

நயினார் கடைசிக் குழாயை வார்டுக்கு முன்னால் இருந்த வேப்பமரத்தில் கட்டினார்.

முக்காலியில் இருந்தவர் பெயர் வெயிலுமுத்து. அறுபது வயதிருக்கும். பனங்கிழங்கு விற்பவர். அவர் வலது கை, மணிக்கட்டில் உடைந்து கோணலாகச் சேர்ந்த கை. முதல் நாளிலிருந்தே இங்கேதான் இருக்கிறேன் என்றார். எந்தக் கூட்டத்திலும் கடைசி ஆளாக இருப்பதுதான் என் வழக்கம்; ஒரு தடவை கடைசியில் நின்றதற்குக் கை போய்விட்டது, அதற்காக இடத்தை விட்டுக்கொடுத்துவிட முடியுமா என்றார். நர்சுகள் பார்த்தார்களே, யாரும் சொல்லவில்லையா என்று பிரமு கேட்டாள். யாரும் கேட்கவில்லையே என்றார்.

நாற்பத்தொரு நாள் நடந்து வந்த கேள்வியைக் கேட்டாள்.

"எச்சரிக்கை உங்களுக்குக் கேட்டுதா?"

வெயிலுமுத்து அடுப்பைத் தணித்தார். "தெனமும் காதுல விழுந்துச்சு தாயி. ஆனா எனக்கு முதுகக் காட்டிக்கிட்டுல்லா சொன்னாவ. அது எனக்குச் சொன்னதுன்னு எப்படி எடுத்துக்கிட?"

அப்போது மணி பத்து. வாசலில் தாசில்தார் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார். வாசித்து முடித்த பிறகும் எதுவும் நடக்காமல் கொஞ்ச நேரம் போனது. குரல் பாலத்தைத் தாண்டி, வாழைக்காட்டைத் தாண்டி, தேரியையும் உப்பளத்தையும் கடலோரத்தையும் வெங்காயக்காட்டையும் சுற்றி வர அந்த நேரம் ஆனது. பிறகு வேப்பமரத்துக் குழாயிலிருந்து, போலீசின் முதுகுக்குப் பின்னாலிருந்து, அதே குரல் வந்தது. கலைந்து செல்லுங்கள். இது சட்டவிரோதக் கூட்டம். கலைந்து செல்லுங்கள்.

நாற்பத்தொரு நாளில் முதன்முறையாகப் போலீஸ் திரும்பிப் பார்த்தது.

லாரிகள் நின்றன. டீ கொதித்துக்கொண்டிருந்தது. ரப்பர்ச் செருப்போடும் வெயிலில் கறுத்த முகத்தோடும் கேக்கல பிரமு நின்றாள். யாரும் சிரிக்கவில்லை. தங்கள் கையிலிருந்த டம்ளர்களைப் பார்த்தார்கள், ஸ்டவ்வைப் பார்த்தார்கள்.

அவள் இன்ஸ்பெக்டரின் முன்னால் போய் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தாள். கடைசி ஆளைப் பார்த்துவிட்டேன் அய்யா, இவருக்குப் பின்னால் கூட்டம் முடிந்திருக்கும் என்று நினைத்தேன், முடியவில்லை, வரிசையில் இவருக்குப் பின்னால் நிற்பது நாம்தான், நமக்குப் பின்னால் மறுபடியும் கூட்டம்தான் என்று சொன்னாள். பிறகு விதியில் இருந்தபடி கேட்டு முடித்தாள்.

"எச்சரிக்கை உங்களுக்குக் கேட்டுதா அய்யா?"

தேவஇரக்கம் அவளைப் பார்க்கவில்லை. வெயிலுமுத்துவின் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"இருபத்திரண்டு வருசத்துக்கு முன்னால என்கிட்டயும் இப்படி ஒருத்தர் கேட்டாரும்மா. கேட்டுச்சு அய்யான்னு சொன்னேன். அய்யா கேட்டா அப்படித்தான சொல்லணும்னு சொன்னேன். எனக்குக் கேக்கல." பிரமுவைப் பார்த்தார். "நீ மைதானத்துல கேக்கலன்னு சொன்ன அன்னைக்கு, எனக்கு ஒறக்கம் வரல. அதான் உன்ன அனுப்பினேன்."

வெயிலுமுத்து எழுந்து வந்தார். கோணல் கையில் டம்ளரைப் பிடித்துக்கொண்டு, இன்ஸ்பெக்டரை மேலும் கீழும் பார்த்தார்.

"அது யாருன்னு நானும் இத்தன வருசமா பாத்துக்கிட்டிருந்தேன்" என்றார். "நாப்பது நாளா உங்களுக்குத்தான் டீ குடுத்திருக்கேன் போலுக்கு. தெரிஞ்சிருந்தா சீனியக் கொறச்சிருப்பேன்."

டம்ளரை நீட்டினார். தேவஇரக்கம் இரண்டு கையாலும் வாங்கினார். குடிக்க முடியாமல் பிடித்துக்கொண்டே நின்றார். பிறகு பிரமுவின் பக்கம் திரும்பி, "இப்ப கேட்டுச்சும்மா" என்றார். "நல்லாக் கேட்டுச்சு."

கேட்டால் கலைய வேண்டும், அதுதானே சட்டம். பேனரைச் சுருட்டினார்கள். கலையச் சொல்லும் பியூகிள் ஒருமுறை ஒலித்தது. மூன்று வரிசையும், ஒத்திகையில் கைலி கட்டிக்கொண்டு ஓடுகிற ஓட்டம் இல்லாமல், டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, இரண்டிரண்டு பேராகப் பேசிக்கொண்டே வெளியே நடந்தது. கூட்டம் எழுந்து வழிவிட்டது. எச்சரிக்கை கடைசியில் நின்றவர்களுக்குத் தெளிவாகக் கேட்டது, அவர்கள் அமைதியாகக் கலைந்து சென்றார்கள், பலப்பிரயோகம் தேவைப்படவில்லை என்று தாசில்தார் கோமதிநாயகம் பனங்கற்கண்டை ஒதுக்கிக்கொண்டு எழுதினார். அதில் ஒரு எழுத்தும் பொய்யில்லை. மேலே படித்தவர்கள் திருப்தியாகக் கையெழுத்துப் போட்டார்கள். வார்டை மாற்றும் உத்தரவு அந்தக் காகிதத்துக்கு அடியில் போய் அப்படியே கிடந்துவிட்டது. லாரி டிரைவர்கள் இரண்டு பேரும், வந்ததற்கு ஒரு வேலையாவது செய்வோம் என்று, ஜன்னல் ஓரத்துக் கட்டில்களை நிழலுக்கு நகர்த்திப் போட்டுவிட்டு வெறும் வண்டியோடு கிளம்பினார்கள்.

பிரமு வார்டுக்குள் ஓடினாள். டாக்டரம்மா கையைக் கழுவிக்கொண்டிருந்தார். நாற்பத்தாறு கிலோமீட்டர் போயிருந்தால் நான் இப்படிச் சிரித்துக்கொண்டு நிற்க மாட்டேன் என்று மட்டும் சொன்னார். கடைசிக் கட்டிலில் மாடத்தி வியர்த்துக் கிடந்தாள். பக்கத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பெண்பிள்ளை, காலை உதைத்து, ஊருக்கே கேட்கும்படி அழுதுகொண்டிருந்தது.

"வந்துட்டியாட்டி" என்றாள் மாடத்தி. "சாப்பாட்டு டப்பாவ வேன்லயே வச்சிட்டுப் போயிட்டியே. அன்னைக்கே நாந்தான் எடுத்துச் சாப்பிட்டேன். உப்புக் கொறச்சல்."

பிரமு சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். எத்தனை பானையில் தின்றோம், எத்தனை பேர் காலைப் பிடித்துவிட்டார்கள், அவர்களில் ஒருவர் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லையே என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. திரும்பிப் போய்ச் சொல்ல நாற்பத்தொரு நாள் வேண்டும். எனவே அவள் ஜன்னலைத் திறந்து, வெளியே துண்டை உதறி எழுந்துகொண்டிருந்த முதல் ஆளிடம், பிள்ளை பிறந்துவிட்டது, பிரமசக்தி எல்லாருக்கும் நன்றி சொன்னாள் என்றாள். அவர் தனக்குப் பின்னால் இருந்தவரிடம் சொன்னார். அவர் பின்னால் இருந்தவரிடம் சொன்னார்.

அந்தச் சேதி பிணவறைச் சந்து வழியாக வெளியே போய், வெங்காயக்காட்டையும் கடலோரத்தையும் தாண்டி இன்னமும் போய்க்கொண்டிருக்கிறது. இது உங்களுக்குக் கேட்டிருந்தால், திரும்பி, உங்களுக்குப் பின்னால் இருப்பவரிடமும் சொல்லிவிடுங்கள்.